கொறோலா 121இன் அலுமினிய எஞ்சின் புளொக்: சிலிண்டரை எவ்வளவு வெட்டி அகட்டினால் (போர் பண்ணினால்) தாங்கும்?

மானிப்பாய்ப் பொடியன்:

அப்பாவின் ரொயோட்டா கொறோலா 121 கார், 1என்.இசட் எஞ்சின். மீற்றரில் 260,000 கிலோமீற்றர் காட்டுகிறது, உண்மையில் எவ்வளவோ யாருக்குத் தெரியும். ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை, பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலைச் சாத்துகிறா. போன கிழமை எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல், நகத்தை வைத்து இழுத்தால் தடக்குகிறது. மற்ற மூன்றும் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கின்றன.

ஒரு லேத் (கடைசல்) பட்டறையில் காட்டினேன். "ஒரு மில்லிமீற்றர் போர் பண்ணிப் புதுப் பிஸ்டன் போடுவோம், வாகனம் பறக்கும்" என்கிறார். எங்கள் வீட்டுக்கு வழமையாக வரும் மெக்கானிக் அண்ணை "அலுமினியத்தில் கை வைக்காதே, பாவித்த எஞ்சின் புளொக் (ஹாஃப் எஞ்சின்) எடு" என்று ஒரே பிடி. மாமா தன்னுடைய மொறிஸ் மைனரை மூன்று தரம் போர் பண்ணினவர், அது ஓடவில்லையா என்று கேட்கிறார். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025இல் திறந்தும் விலை எங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை, ஆகவே இதைத்தான் ஓட்டியாக வேண்டும். 0.25, 0.50, 1.00 மி.மீ. என்று சொல்கிறார்களே, எதுவரை போனால் பயமில்லை? அப்படியே சி.சி. கூடி இழுவையும் கூடுமென்றால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, வெட்கத்தோடு சொல்கிறேன். றேடியேற்றருக்கு இவ்வளவு வருசமும் கிணற்றுத் தண்ணிதான்.

பழைய மொறிஸ்:

தம்பி, உம்முடைய மாமா சொல்வது பொய்யில்லை, ஆனால் அது வேறு சாமான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் எல்லாம் புளொக் முழுக்க வார்ப்பிரும்பு, சுவர் நல்ல தடிப்பு. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோலைக் கண்ணால் காண ஏலாது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடின ஆட்கள் நாங்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தொட்டியான சம்பில் இறங்கும், ஒயில் தண்ணியாகும், சிலிண்டர்த் துளை, அதாவது போர், தேயும். ஆயிரத்தில் இருபது, ஆயிரத்தில் நாற்பது என்று அங்குலக் கணக்கில் வெட்டி வெட்டிப் போய், கடைசியில் உள்ளே இரும்புக் குழாயான லைனர் அடித்துத் திரும்பவும் பழைய அளவுக்கு வந்து நிற்போம். ஆயிரத்தில் நாற்பது என்றால் உங்கள் கணக்கில் ஒரு மில்லிமீற்றர். அந்தக் கணக்கை அலுமினியத்தில் போட்டால் பிழைக்கும். மிச்சத்தை லேத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

லேத்தடி:

முதலில் ஒரு காந்தத்தைச் சிலிண்டருக்குள் வைத்துப் பாரும். ஒட்டினால் உள்ளே இரும்பு லைனர். ஒட்டாவிட்டால் ஒன்றில் நிக்கல் கலந்த நிக்கசில் பூச்சு, இல்லையென்றால் சிலிக்கன் கூடின அலுமினியம். கே.ரி.எம். டியூக் மோட்டர்சைக்கிள் நிக்கசில், யமஹா ஆர்15 டயாசில் என்ற சிலிக்கன் வகை, பொடியள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து "அண்ணை 0.50 வெட்டித் தாங்கோ" என்று நிற்பார்கள். பூச்சை வெட்டினால் கீழே வெறும் மெல்லிய அலுமினியம். சிலிக்கன் வகையை வெட்டலாம்தான், ஆனால் வெட்டினபின் சிலிக்கன் மணிகள் மேலே துருத்தி நிற்கிற மாதிரி அலுமினியத்தை மட்டும் பின்வாங்க வைக்க வேண்டும், அந்த வேலைக்கு என்னிடம் வசதி இல்லை.

உம்முடைய 1என்.இசட்டில் காந்தம் ஒட்டும். மெல்லிய இரும்பு லைனரை அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றி அலுமினியத்தை ஊற்றி வார்த்தது. இப்படி வார்த்துப் பிடித்த லைனரின் வெளிப்பக்கம் பலாப்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும், அலுமினியம் அதில்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தடிப்பு இந்த மாதிரி எஞ்சின்களில் பெரும்பாலும் 1.5இலிருந்து 2.5 மி.மீ. வரைதான். இப்ப கணக்கைப் பாரும்: 0.50 ஓவர் சைஸ் (விட்டத்தில் 0.50 கூட) என்றால் ஒரு பக்கச் சுவரில் போவது 0.25. 1.00 என்றால் 0.50, அதாவது இருக்கிறதிலே கால்வாசி. சுவர் மெலிந்தால் ஹெட் போல்ட்டை இறுக்கும்போதே போர் வட்டத்தை விட்டு நெளியும், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றிங் ஒழுங்காகப் படியாது, போர் பண்ணின எஞ்சினும் ஒயில் குடிக்கும். பிறகு ஆள் என்னிடம் வந்து சண்டை.

இழுவை ஆசையை இப்பவே விட்டுவிடும். 75 மி.மீ. போர், 84.7 மி.மீ. ஸ்ட்ரோக், 1497 சி.சி. 0.50 வெட்டினால் 1517. இருபது சி.சி., நாலு தேக்கரண்டித் தண்ணி.

கம்பனிக் கைநூலில் இந்த எஞ்சினுக்கு அளவு தாண்டினால் புளொக்கை மாற்று என்றுதான் இருக்கிறது. வெளிக் கம்பனிகள் 0.50 பிஸ்டன் செய்து விற்கிறார்கள், அதைக் கண்டுதான் லேத்காரருக்குக் கை அரிக்கிறது. நானும் 0.50 வெட்டிக் கொடுத்து ஓடுகிற எஞ்சின்கள் இருக்கின்றன, மறைக்கவில்லை. 1.00 யாருக்கும் வெட்ட மாட்டேன். நீர் எதற்கும் உள்விட்டம் அளக்கிற போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்தில் குறுக்கும் நெடுக்கும் அளந்து எழுதும். பிஸ்டனையும் கழற்றிப் பாரும்.

நெல்லியடி ரயர்:

1.00 வெட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன், காசு கொடுத்துப் படித்தது. என்னுடையது வேறு கார், அதுவும் அலுமினிய புளொக். போர் பண்ணி மூன்று மாதம் சோக்காக ஓடியது. பிறகு கிளிநொச்சிக்குப் போகிற வழியில் ஆனையிறவில் ரெம்பரேச்சர் முள்ளு எழும்பிவிட்டது. வெட்டவெளி, ஒரு மரம் இல்லை, உப்புக் காற்று. எஞ்சின் ஆறினபின் ஒயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் முழுக்கப் பால் தேத்தண்ணி நிறத்தில் களி, ஒயிலில் தண்ணி கலந்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது இரண்டாம் சிலிண்டரில் லைனர் மயிர்க்கோடாக வெடித்திருந்தது, அதற்குப் பின்னால் அலுமினியமும். வெட்டினவரிடம் போனால் "நீங்கள்தான் சூடாக்கிப் போட்டீங்கள்" என்றார். சூடானது உண்மைதான், வெடித்துச் சூடானதா, சூடாகி வெடித்ததா என்பதுதான் வழக்கு. இன்றுவரை தீரவில்லை.

ஸ்காபரோ மெஷினிஸ்ட்:

நான் கனடாவில் எஞ்சின் மெஷினிங் கடையில் வேலை. லேத்தடி அண்ணை சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எல்லாப் புளொக்குக்கும் பொதுவாக ஒரு எண்ணைத் தேடுவதில் பிரயோசனம் இல்லை, வெட்டினபின் சுவரில் என்ன மிஞ்சும் என்றுதான் பார்க்க வேண்டும். 1997 கோர்வெற்றில் வந்த ஜி.எம். எல்.எஸ்.1, அலுமினிய வி8, போர் 99 மி.மீ. அவ்வளவு பெரிய எஞ்சினிலேயே 0.25 மி.மீ.க்கு மேல் போகாதே என்பதுதான் இங்கே கடைக்குக் கடை பேச்சு. ஹொண்டா பி வரிசையில் 81ஐ 81.5 ஆக்குவது சாதாரணம், 84 வேண்டுமென்றால் பழைய லைனரைச் சீவி எறிந்துவிட்டுத் தடித்த சிலீவ் (புது லைனர்) போடுகிறார்கள். றோவர் வி8இல் கம்பனியே 88.9ஐ 94 ஆக்கியது. லைனருக்குப் பின்னால் அலுமினியம் மெலிந்து சில புளொக்குகள் அந்த இடத்தில் வெடித்தன, சிலவற்றில் லைனர் நழுவியது. இப்போது மேலே விளிம்பு வைத்த தொப்பி லைனர் போட்டுத்தான் அவற்றைக் காப்பாற்றுகிறார்கள்.

இங்கே வெட்டுமுன் அல்ட்ராசவுண்ட் மீற்றரால் சுற்றிவரத் தடிப்பைப் பார்ப்போம். அதுவும் இரும்பும் அலுமினியமும் சந்திக்கிற இடத்தில் எதிரொலி குழம்பும், பழகின கை வேண்டும்.

தம்பி கடைசி வரியில் வெட்கத்தோடு எழுதினதுதான் எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. எங்கள் யாழ்ப்பாணத் தண்ணி சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை, சிலிண்டரைச் சுற்றித் தண்ணி ஓடுகிற வாட்டர் ஜக்கெற்றிலும் படியும், படிந்த இடத்தில் சூடு வெளியே போகாது. கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறென்றால் இன்னும் மோசம், குளோரைட் அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும். வெளிப்பக்கம் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியாமல் உள்ளே எவ்வளவு வெட்டலாம் என்று யாரால் சொல்ல முடியும்? வாட்டர் ஜக்கெற்றுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

மானிப்பாய்ப் பொடியன்:

காந்தம் ஒட்டுகிறது. ஒன்று, இரண்டு, நாலு: எங்கே அளந்தாலும் 75.03க்கும் 75.05க்கும் இடையில்தான். ஹோன் பண்ணின (உரைகல்லால் உரசின) குறுக்குக் கோடுகள்கூட இன்னும் தெரிகின்றன. மூன்றாவது மேலே 75.09, அதோடு அந்தக் கீறல்.

பிஸ்டனைக் கழற்றினேன். ஒயில் றிங் நாலிலும் கரி பிடித்து இறுகிப் போயிருக்கிறது, ஒன்றை நெம்ப உடைந்தே வந்தது. ஒயில் வடிகிற சின்ன ஓட்டைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு அடைப்பு. வாட்டர் ஜக்கெற்றுக்குள் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்ட விழுகிறது, அதன் கீழே அலுமினியம் அம்மைத் தழும்பு மாதிரி. எங்கள் கிணறு உவரில்லை, நல்ல தண்ணி என்றுதான் நினைத்திருந்தோம்.

லேத்தடி:

அப்ப ஒயில் குடித்தது றிங்காலே, போராலே இல்லை. 75.05ஐ வெட்டி என்ன காணப் போகிறீர்? விட்டம் 0.05 கூடினால் றிங்கின் வாய் 0.16 அளவில் கூடத் திறக்கும், புது றிங்கைப் போருக்குள் வைத்து இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜால் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த மூன்றுக்கும் இலேசாக ஒரு ஹோன், புது றிங், பிஸ்டன் ஓட்டைகள் துப்பரவு, அவ்வளவும் போதும்.

மூன்றாவதுதான் சிக்கல். அதை மட்டும் 0.50 வெட்டி, பிஸ்டன் நிறையை மற்றதோடு சமப்படுத்திப் போடலாம், நல்ல புளொக் என்றால் நானே செய்வேன். வெளியே தழும்பு விழுந்ததில் செய்ய மாட்டேன். சிலீவ் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே மொத்தமே 8 மி.மீ., அதில் இரண்டு லைனரின் தடிப்புப் போக அலுமினியம் எவ்வளவு மிஞ்சும்? பழைய லைனரைச் சீவினால் அந்தப் பலாப்பழப் பிடியும் போய்விடும். அலுமினியம் சூட்டில் இரும்பை விட இரண்டு மடங்கு விரிவது, புதுச் சிலீவின் பிடி அப்போது தளரும்.

ஸ்காபரோ மெஷினிஸ்ட்:

அண்ணை, கீழே ஒரு படி விட்டு வெட்டி, புளொக்கைச் சூடாக்கிச் சிலீவை இறக்கினால் ஒன்றும் நழுவாது, நான் எத்தனையோ செய்திருக்கிறேன். ஆனால் அந்தத் தழும்புப் புளொக்குக்கு அவ்வளவு கூலி கொடுப்பது வீண் என்பதில் உங்களோடுதான்.

லேத்தடி:

அதுதான். தம்பி, முழு எஞ்சின் வேண்டாம், ஹெட் உம்முடையது நல்லாக இருந்தால் வெறும் புளொக்கும் பிஸ்டனும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடும். டோர்ச் ஒன்று கொண்டுபோய் வாட்டர் ஜக்கெற்றுக்குள் அடித்துப் பாரும். கூலன்ற்றின் சிவப்புக் கறை இருந்தால் எடும், வெள்ளைப் பொருக்கு என்றால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டிட்டு வாரும். பிஸ்டனில் ஒயில் றிங் விரலால் அமத்த அசைகிறதா என்று அங்கேயே பாரும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கொண்டுவந்தால் அளந்து ஹோன் பண்ணித் தருகிறேன். சனிக்கிழமை அரைநாள்தான் திறப்பேன்.

மானிப்பாய்ப் பொடியன்:

சரி அண்ணை, வியாழன் இரவு பஸ்ஸில் கொழும்பு போகிறேன். மெக்கானிக் அண்ணையிடம் சொன்னேன், "நான் முதலே சொன்னேன்தானே" என்று ஒரு சிரிப்பு. றேடியேற்றருக்குத் தண்ணி அள்ளி ஊற்றினது அப்பாதான், அவரிடம் இதை யார் சொல்வது என்றுதான் இப்ப வீட்டில் பிரச்சினை.