பைபாஸ் முடிந்த 2-ஆம் நாள்: காய்ச்சல், வீக்கம், சிஆர்பி அதிகம். இது கிருமித் தொற்றா?

திண்டுக்கல்_பிள்ளை:
அப்பாவுக்கு 64 வயது. முந்தாநாள் பைபாஸ், மூன்று கிராஃப்ட் (மாற்று இரத்தக்குழாய்). இன்று ஐசியுவில் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். முகம் உப்பி, கண் பாதி மூடிக் கிடக்கிறது. அட்மிஷன் அன்று தொளதொளவென்று இருந்த கைப்பட்டை இப்போது மணிக்கட்டை இறுக்குகிறது. காய்ச்சல் 100.6. சிஆர்பி (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) எக்கச்சக்கம். டாக்டர், "பம்ப்ல போட்டதால உடம்பு காட்டுற ரியாக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமாவோ, பம்ப் இல்லாமல் இதயம் துடிக்கும்போதே செய்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்கிறார். ஸ்டீராய்டு கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பம்ப்காரன்:
தம்பி, நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் அந்த பம்ப் பக்கத்தில்தான் 19 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இரத்தம் பிறந்ததிலிருந்து இரத்தக்குழாயின் உள்தோலைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. நாங்கள் அதை பிளாஸ்டிக் குழாயில் விடுகிறோம். இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குள் இருக்கும் மெல்லிய இழைகளைப் பிரித்துப் பரப்பினால் ஒரு பாய் விரித்த அளவு வரும். அவ்வளவையும் இரத்தம் தொடுகிறது. உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்போம். ஆனால் ஹெப்பாரினால் 'காம்ப்ளிமென்ட்' என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களை அடக்க முடியாது. அவை உசுப்பிவிட, வெள்ளையணுக்கள் எதிரி வந்துவிட்டதாக நினைத்துக் கிளம்பும். இதயத்துக்கு இரத்தம் போகாமல் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்ததும் பட்டினி கிடந்த இதயத்தசைக்குள் இரத்தம் பாயும்போது இன்னொரு சுற்று. கடைசியில் ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் கொடுத்தால் அதுவும் கொஞ்சம் கிளறிவிடும்.

இதில் நுண்குழாய்கள் கசியும். குழாய்களை நிரப்ப நாங்களே ஒன்றரை லிட்டர் அளவுக்குத் திரவம் ஊற்றியிருப்போம். அப்பாவின் முகத்திலும் மணிக்கட்டிலும் இருப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். சிறுநீராக இறங்கிவிடும்.

சிஆர்பி இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். தொற்று இல்லாதவருக்கும் அப்படித்தான். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் பயப்படாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, நெஞ்சுத் தையலில் நீர் கசிந்தாலோ, எலும்பு 'கடக்' என்று அசைந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டா? அது இந்த அழற்சியை அடக்கும் என்று எங்கள் ஆட்களும் ரொம்ப நம்பினார்கள். 18 நாடுகளில் 7,500 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2015-இல் முடிவு வந்தது: இறப்பு குறையவில்லை. கேட்க வேண்டாம்.

காலில்_தையல்:
எனக்கு 2019-இல் துடிக்கும் இதயத்திலேயே செய்தார்கள், பம்ப் கிடையாது. எனக்கும் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி இதயம் தாறுமாறாக ஓடி, மருந்து கொடுத்துத்தான் அடக்கினார்கள். நெஞ்சைப் பிளப்பதும், காலிலிருந்து இரத்தக்குழாய் எடுப்பதும் இரண்டுக்கும் பொதுதானே! மாமாவிடம் சொல்லுங்கள்.

பம்ப்காரன்:
சரியாகச் சொன்னீர்கள். பம்ப் இல்லாவிட்டால் அழற்சி குறையும், இல்லாமல் போகாது. 4,700 பேருக்கு மேல் வைத்து ஒப்பிட்டதில், ஐந்து வருஷம் கழித்தும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பார்கள். உள்ளிழுக்க வேண்டும், பாதிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். அதைக் கவனியுங்கள், அதுதான் இப்போது வேலை.

திண்டுக்கல்_பிள்ளை:
ஐந்தாம் நாள். வார்டுக்கு வந்துவிட்டார். நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. கைப்பட்டைக்குள் இரண்டு விரல் போகிறது. அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே பந்தை ஊதிக்கொண்டுதான் இருந்தார்.