மறுமொழி: ‘சைக்ளிங்’ – தொட்டியைச் சுழற்றுவதா, பக்குவப்படுத்துவதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் தமிழில் எழுதும் உப்புநீர்த் தொட்டிக் கையேட்டில் ‘சைக்ளிங்’ என்பதற்கு, அதாவது புதுத் தொட்டியை உயிர்கள் வாழத் தகுந்ததாக ஆக்குவதற்கு, ‘சுழற்சி’ என்று போட்டிருப்பதை மாற்ற வேண்டும் என்றேன். பாடநூலிலேயே நைட்ரஜன் சுழற்சி என்றுதானே இருக்கிறது, எதற்குப் புதுச்சொல் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நம்பி நான் இரண்டு இறாலைச் சாகவிட்டேன், அதனால்தான் கேட்கிறேன்.

நான் தொடங்கியபோது கையில் இருந்த குறிப்பில் ‘புதுத் தொட்டியை நன்கு சுழற்சி செய்த பிறகே இறாலை விடவும்’ என்று ஒரே வரிதான் இருந்தது. சுழற்சி என்றால் தண்ணீரைச் சுழலவிடுவது. தமிழ் தெரிந்த யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். உப்பைக் கரைத்தேன், பம்ப்பைப் போட்டேன், ஐந்து நாள் இரவும் பகலும் ஓடவிட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. துப்புரவு இறால் ஒரு ஜோடி விட்டேன், முதுகில் இரண்டு சிவப்புப் பட்டையும் நடுவே வெள்ளைக் கோடுமாக இருக்குமே, அந்த வகை. முதல் நாள் பாறை மேல் நின்று வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. அடுத்த நாள் தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது, இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகால்களை மட்டும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அம்மோனியா சோதனைக் குப்பி வாங்கினேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது, அதாவது இறாலைக் கொல்லும் அம்மோனியா நிறைய இருந்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> நைட்ரஜன் சுழற்சி என்பது நிலைபெற்ற சொல். அதையே தொட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இயற்கையில் நடப்பதற்கு அது சரியான சொல், அதில் கைவைக்க வேண்டாம். ஆனால் தொட்டியில் நாம் காத்திருப்பது அதற்காக இல்லை. கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா வருகிறது, ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பெரும்பாலான தொட்டிகளில் கதை அங்கேயே நின்றுவிடும். நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும், நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வருவதே இல்லை. இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. ஒன்றுமில்லாத தொட்டியில் அவை பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் போதுமான அளவு ஒட்டி வளர நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும், ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து பாறை கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் ஆகும். அப்படி அவை குடியேறி, வருகிற அம்மோனியாவை அன்றன்றே தீர்க்கும் நிலைக்குத் தொட்டி வருவதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அதற்குப் ‘பக்குவம்’ என்பதை முன்வைக்கிறேன். நிலத்தைப் பக்குவப்படுத்தி விதைக்கிறோம் என்று சொல்கிறோம், வரிசை அதேதான்: முதலில் இடம், பிறகு உயிர். தொட்டி பக்குவமாகிறது, நாம் தொட்டியைப் பக்குவப்படுத்துகிறோம், இது பக்குவப்படாத தொட்டி என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் சொல் வளைகிறது. முக்கியமாக, ‘பக்குவம் வந்துவிட்டதா?’ என்ற கேள்வி தானாகவே வாயில் வருகிறது. சுழற்சி என்று சொல்லும்போது பம்ப் ஓடுகிறதா என்றுதான் கேட்கத் தோன்றும். இன்னொன்று, வடிகட்டிப் பஞ்சை யாராவது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டால் பாக்டீரியா செத்து அம்மோனியா மறுபடி ஏறும். ‘பக்குவம் கலைந்துவிட்டது’ என்றால் போதும், விளக்கமே தேவையில்லை.

> ‘பதப்படுத்தல்’ இன்னும் எளிமை இல்லையா?

எளிமைதான், ஆனால் நம் பொருளுக்கு ஆகாது. ‘இறால் பதப்படுத்தல்’ என்று தேடிப்பாருங்கள், தலையைக் கிள்ளி, ஓடு உரித்து, உறையவைத்துப் பொதி கட்டுவதைப் பற்றித்தான் வரும். இறாலை உயிரோடு வைத்திருக்கச் சொல்லும் கையேட்டில் அந்தச் சொல் வேண்டாம்.

‘முதிர்வு’ என்று ஒருவர் சொன்னது நல்ல சொல், அதை வேறொன்றுக்காக எடுத்துவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பல மாதம் ஓடி, பாறையெல்லாம் பாசியும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்களும் ஏறிய தொட்டி வேறு நிலை. கடல் சாமந்தி போன்றவற்றுக்கு அதுதான் வேண்டும். அதை முதிர்ந்த தொட்டி என்போம். ஆறு வாரத்தில் பக்குவம் வரும், முதிர்வு வராது.

பெண் பக்குவமடைதல் என்ற பொருள் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் மனப்பக்குவம் என்று தினமும் சொல்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ‘தொட்டிப் பக்குவம்’ என்று சேர்த்து எழுதினால் இங்கேயும் வராது.

அடுத்து ‘டிரிப் அக்ளிமேஷன்’. இதற்கும் சிலர் பக்குவப்படுத்தல் என்றே எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட வேண்டுகிறேன். பக்குவமாக வேண்டியது தொட்டி, பழக வேண்டியது இறால். ‘சொட்டுப்பழக்கல்’ என்று வைக்கலாம். சொட்டுநீர்ப் பாசனம் எல்லாருக்கும் தெரிந்ததால் செய்முறையும் சொல்லிலேயே வந்துவிடும். பையிலிருந்த தண்ணீரோடு இறாலை ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் விழவைப்பதுதான் அது. இறாலுக்கு உப்பளவு திடீரென்று மாறுவது ஆகவே ஆகாது. அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு அடுத்த தோலுரிப்பில் சாவதும் உண்டு. நெடுந்தூரம் பையில் வந்த இறாலை மட்டும் பையைத் திறந்தபின் அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது. இறால் மூச்சுவிடும் கரியமில வாயுவால் பைக்குள் பி.எச். (நீரின் அமில-கார அளவு) தாழ்ந்திருக்கும், திறந்ததும் அது ஏறும், பி.எச். ஒரு எண் ஏறினால் நஞ்சாகும் அம்மோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். கடல்நீரின் பி.எச். ஏறக்குறைய 8.1 என்பதால்தான் பக்குவப்படாத உப்புநீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியைவிடச் சீக்கிரம் கொல்கிறது.

தோலுரிப்பு அப்படியே இருக்கட்டும். கழற்றிப் போட்ட சட்டை கண்ணும் மீசையுமாக முழு இறால் போலவே பாறையில் கிடக்கும், செத்துவிட்டது என்று பதற வேண்டாம், உள்ளே இருந்தது புது ஓடு இறுகும்வரை கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் என்று மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து இறாலைக் கொல்லும், ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும் என்ற இரண்டும் வரைவில் ஏற்கெனவே சரியாக உள்ளன.

கையேட்டுக்கு என் வரைவு:

தொட்டிப் பக்குவம் – புதுத் தொட்டியின் பாறை, மணல், வடிகட்டி ஆகியவற்றில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகி நிலைபெறுதல். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு அம்மோனியா சேர்த்து 24 மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால் தொட்டி பக்குவமாகிவிட்டது. தண்ணீர் தெளிந்திருப்பது பக்குவத்துக்கு அடையாளம் அல்ல.

கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் ‘சுழற்சி’ வரும் இடங்களையெல்லாம் நானே மாற்றி அனுப்பிவிடுகிறேன். நைட்ரஜன் சுழற்சி என்று படம் போட்டிருக்கும் பக்கத்தை மட்டும் தொடமாட்டேன்.