5 கி.மீ. ஓட முடியுது, 25 மீட்டர் நீந்த முடியல: நீச்சல் பாடத்தின் 300 மீட்டர் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

நெடுவழி:

கல்லூரியில் இந்தப் பருவத்துக்கு நீச்சலும் உடற்தகுதியும் சேர்ந்த உடற்கல்விப் பாடம் எடுத்திருக்கேன். 15 வாரம். வாரத்துக்கு ஒரு வகுப்பு குளத்தில், இன்னொண்ணு ஜிம்மிலும் மைதானத்திலும். கடைசி வாரம் மூணு தேர்வு இருக்கு. 25 மீட்டர் குளத்தில் நிற்காமல் 300 மீட்டர், எந்த ஸ்ட்ரோக்கா (நீச்சல் முறையா) இருந்தாலும் சரி. கால் எட்டாத ஆழத்தில் 2 நிமிடம் ஒரே இடத்தில் மிதக்கணும். தரையில் 12 நிமிட ஓட்டம்.

5 கி.மீ. 28 நிமிடத்தில் ஓட முடியும். ஃப்ரீஸ்டைல் (குப்புறப் படுத்து கையை மாத்தி மாத்தி வீசுற நீச்சல்) கை, கால் அசைவு தெரியும். ஆனா 25 மீட்டர் முடியறதுக்குள்ள கடுமையா மூச்சு இரைக்குது, காலும் அடியில போயிடுது. வயசு 19, காலையில் எழுந்ததும் நாடி 64. வேற உடல் பிரச்சினை எதுவும் இல்லை.

இது ஸ்டாமினா குறையா, இல்ல முறை தப்பா? வாரம் வாரம் என்ன செய்யணும்? ஜிம்மையும் குளத்தையும் எப்படிச் சேர்க்கறது?

---

ஏழாம் லேன்:

28 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடுறவருக்கு 25 மீட்டருக்கான ஸ்டாமினா இல்லாம போகாது. ஓட்டக்காரங்க நிறைய பேருக்கு வர்ற சிக்கல்தான் இது. மூச்சை விடாம அடக்கிக்கிட்டு நீந்துறீங்க. அது ஒண்ணு சரியானாலே பாதி வேலை முடிஞ்சுது.

தரையில் மூச்சு தானா போய் வருது. தண்ணிக்குள்ள முகம் போனதும் உடம்பு மூச்சைப் பிடிச்சுக்கும். நாலு கை வீச்சு அப்படியே போனா கரியமில வாயு உள்ளே சேருது. 'மூச்சு விடு' என்று உடம்பு துடிக்கிறது பெரும்பாலும் அந்த வாயு ஏறுறதால, ஆக்சிஜன் தீர்ந்ததால இல்ல. அப்புறம் வாய் வெளியே வர்ற அந்த அரை வினாடிக்குள்ள பழைய காற்றை விட்டு, புதுசையும் இழுக்கணும்னா நடக்கிற காரியமா? பாதி காற்றுதான் உள்ளே போகும். அடுத்த முறை இன்னும் மோசம்.

அதனால முதல் மூணு வாரம் தூரத்தை மறந்துடுங்க.

மார்பளவு தண்ணியில் சுவரைப் பிடிச்சு நில்லுங்க. வாயால மூச்சை இழுங்க. தலை முழுக்க உள்ளே போகட்டும். மூக்கால 'ம்ம்ம்' என்று முனகிக்கிட்டே 3, 4 வினாடி காற்றை விடுங்க. குமிழி ஒரே சீரா, நூல் பிடிச்ச மாதிரி மேலே போகணும். ஒரேயடியா குபுகுபுன்னு வந்து நின்னுட்டா விட்டது வேகம். மேலே வர்ற கடைசி நொடியில் மிச்சத்தை வாயாலயும் மூக்காலயும் 'பூ' என்று தள்ளிட்டு, வாயால சட்டுனு இழுத்து உடனே திரும்ப உள்ளே. 20 தடவை ஒரு சுற்று, அப்படி 3 சுற்று. இருபதாவது தடவை முதல் தடவை மாதிரியே நிதானமா இருந்தா இந்தப் படி தேறிட்டீங்க. இருபது முடியறதுக்குள்ள இரைச்சா, உள்ளே முழுசா விடலைன்னு அர்த்தம்.

அடுத்தது கால் முழுகுற விஷயம். நெஞ்சில் நுரையீரல் காற்றுப்பை மாதிரி மேலே தூக்குது, இடுப்புக்குக் கீழே எலும்பும் தசையும் கனம். உடம்பு சீசா பலகை மாதிரி. தலையை முன்னாடி தூக்கினா கால் கீழே போகும், உதைச்சு மேலே கொண்டுவரப் பார்க்கிறது வீண் வேலை. பார்வை குளத்தின் தரையில் இருக்கணும், பின்னந்தலையில் தண்ணி மட்டம் தொடணும். சுவரை உதைச்சு, கை ரெண்டையும் காதோட ஒட்டி நீட்டி, அசையாம வழுக்கிப் போங்க. ஒரு உதைப்பில் 4, 5 மீட்டர் போனா நிலை சரி.

மூச்சுக்குத் தலையைத் தூக்கக் கூடாது, உடம்போட சேர்ந்து திரும்பணும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணிக்குள்ளயே இருக்கட்டும். வாயின் ஒரு ஓரம் வெளியே வந்தாலே போதும், ஏன்னா தலை நகரும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும், அங்கே காற்று இருக்கும். இந்த நேரத்தில் முன்னால நீட்டின கை என்ன செய்யுதுன்னு கவனிங்க. கத்துக்கிற பெரும்பாலானவங்க அந்தக் கையைக் கீழே அழுத்திடுவாங்க. தாங்கல் போச்சு, தலை முழுகும், வாயில் தண்ணி. மூச்சு எடுத்து முகம் திரும்ப உள்ளே போகிற வரைக்கும் அந்தக் கை நீட்டினபடியே நிற்கணும்.

ஒவ்வொரு ரெண்டு கைக்கும் ஒரு மூச்சு எடுங்க. மூணு கைக்கு ஒண்ணு என்று இரண்டு பக்கமும் மாத்துறதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.

---

நீலக்குமிழி:

கால் முழுகுதுன்னா கிக் போர்டு (கையில் பிடிச்சு மிதக்கிற பலகை) பிடிச்சு தினமும் 200 மீட்டர் உதைக்கட்டும். காலில் பலம் வந்தா மேலே வந்துடும். என் கருத்து இது.

---

ஏழாம் லேன்:

இதில் நான் ஒத்துக்க மாட்டேன். போர்டைப் பிடிச்சு தலையைத் தூக்கி உதைச்சா, எந்தத் தப்பைத் திருத்தணுமோ அதையேதான் பழக்குறோம். இன்னொரு காரணமும் உண்டு. ஓடுறவங்களுக்குக் கணுக்கால் பெரும்பாலும் இறுக்கமா இருக்கும். பாதம் பாலே நடனக்காரங்க பாதம் மாதிரி பின்னால் நீளாம, கொக்கி மாதிரி கீழே தொங்கும். அந்தப் பாதத்தோட பலமா உதைச்சா சிலர் நின்ன இடத்திலேயே நிப்பாங்க, சிலர் பின்னாடி கூடப் போவாங்க. தொடைத் தசை பெரிசு, ஆக்சிஜனை அள்ளித் தின்னும். 300 மீட்டருக்குக் கால் மெல்ல அசைந்தாலே போதும், உடம்பை நேரா வைக்கிறதுதான் அதோட வேலை.

உதைப்புப் பயிற்சி வேணும்னா பக்கவாட்டில் செய்யுங்க. கீழ்க்கை நீட்டி, அதன் மேல் காதை வைச்சு, மேல்கை தொடையோட ஒட்டி, 25 மீட்டரில் 4 தடவை. உதை இடுப்பிலிருந்து வரட்டும், முட்டி லேசா மடங்கினா போதும். வீட்டில் மண்டி போட்டு, பாதத்தின் மேல்பக்கம் தரையில் பட, குதிகாலில் மெதுவா உட்கார்ந்து 30 வினாடி, மூணு முறை. முட்டி வலிச்சா விட்டுடுங்க.

---

தரைப்பயிற்சி:

மூச்சு பற்றி மேலே சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை. நான் அட்டவணைக்கும் உடற்தகுதிப் பகுதிக்கும் வருகிறேன்.

வாரம் ஒரு குளம் வகுப்பு போதாது. நீச்சல் ஒரு திறன், ஏழு நாள் இடைவெளியில் பாதி மறந்துபோகும். உயிர்காப்பாளர் இருக்கும் நேரம் பார்த்து, இன்னும் இரண்டு நாள் 30 முதல் 40 நிமிடம் தண்ணீரில் இறங்குங்கள்.

முதல் 3 வாரம் மேலே சொன்ன மூச்சும் வழுக்கலும். 4 முதல் 6 வரை 25 மீட்டரில் 12 முறை. இடையில் ஓய்வை வினாடியில் பார்க்காமல் மூச்சில் எண்ணுங்கள், முதலில் 12 மூச்சு, பிறகு 8, பிறகு 4. நான்கு மூச்சு ஓய்வில் பன்னிரண்டும் முடிந்தால் மூச்சு விடும் முறை கைக்கு வந்துவிட்டது. 7 முதல் 9 வரை 50 மீட்டரில் 6. அடுத்து 75-இல் 4, 100-இல் 3. பன்னிரண்டாம் வாரம் 200 நீந்தி, ஓய்வெடுத்து, 100. பதினான்காம் வாரத் தொடக்கத்தில் 300 முழுவதும் ஒருமுறை, நிதானமாக. கவனியுங்கள், நாலாம் வாரத்திலிருந்து மொத்தத் தூரம் ஏறக்குறைய அதே 300 மீட்டர்தான். கூடுவது தூரம் அல்ல, குறைவது ஓய்வு.

வேகம் பற்றி ஒரு கணக்கு. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக (வேகம் × வேகம்) கூடுகிறது. அதை வெல்ல ஒவ்வொரு வினாடியும் செலவாகும் ஆற்றல் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் செலவு கால் பங்குக்கு மேல் குறையும் (0.9 × 0.9 × 0.9 = 0.73). ஓட்டத்தில் இவ்வளவு லாபம் கிடைக்காது. அதனால்தான் தண்ணீரில் மெதுவாகப் போவது அத்தனை முக்கியம்.

நாடியைச் சுவரில் நின்று 10 வினாடி எண்ணுங்கள். 19 வயதுக்கு உச்சத் துடிப்பு 208 − (0.7 × 19), அதாவது சுமார் 195. ஓய்வு நாடி 64-ஐக் கழித்தால் 131. அதில் 60 முதல் 75 சதவீதம் எடுத்து, 64-ஐத் திரும்பக் கூட்டினால் தரையில் 143 முதல் 162 வரை வரும். குளத்தில் படுத்த நிலை, நீரழுத்தம், குளிர்ச்சி மூன்றும் சேர்ந்து துடிப்பைச் சுமார் 10 குறைக்கும். ஆகவே 133 முதல் 152. பத்து வினாடிக்கு 22 முதல் 25 துடிப்பு. 27, 28 வந்தால் அவசரப்பட்டு அடிக்கிறீர்கள்.

12 நிமிட ஓட்டம் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட சோதனை. ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் உடல் உச்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு மதிப்பீடாகக் கிடைக்கும். உங்கள் 5 கி.மீ. வேகத்திலேயே ஓடினால் 2,140 மீட்டர். 12 நிமிடம் மட்டும் என்பதால் 2,300 இலக்கு வைக்கலாம். அதற்கு 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்று 2 நிமிடம் 5 வினாடி. முதல் சுற்றை 1:50-இல் ஓடிவிட்டு நாலாவது சுற்றில் நடப்பதுதான் இந்தத் தேர்வில் அடிக்கடி நடக்கும் பிழை. வாரம் ஒரு நாள் 400 மீட்டரில் 5 முறை, ஒவ்வொன்றும் 2:00, இடையில் 90 வினாடி நடை. இன்னொரு நாள் 30 நிமிடம் பேசிக்கொண்டே ஓடும் வேகம்.

ஜிம்மும் குளமும் ஒரே நாளில் வந்தால் குளம் முதலில். தோள் களைத்த பிறகு நீந்தினால் முழங்கை சரிந்து, கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவும். அதே தவறு பழகிவிடும், தோளும் வலிக்கும். தோளைப் பொறுத்தவரை தள்ளும் பயிற்சி ஒன்றுக்கு இழுக்கும் பயிற்சி இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டையில் முழங்கையை விலாவோடு ஒட்டி வெளிப்பக்கம் திருப்புவது 15 வீதம் 2 சுற்று, ஒவ்வொரு குளம் நாளிலும்.

---

நெடுவழி:

ரொம்ப நன்றி. குமிழி பயிற்சியை 4 நாள் செஞ்சேன். இப்போ 20 தடவை இரைக்காம போகுது. ரெண்டு சந்தேகம். ஒரே இடத்தில் மிதக்கிறப்ப 40 வினாடியிலேயே களைச்சுடறேன். அப்புறம், மூச்சு நல்லா பிடிக்கணும்னு தண்ணிக்கு அடியில் எவ்வளவு நேரம் இருக்க முடியுதுன்னு நண்பர்களோட போட்டி வைக்கலாமா?

---

ஏழாம் லேன்:

ரெண்டாவதை முதல்ல சொல்றேன், தம்பி. அந்தப் போட்டி வேண்டவே வேண்டாம். முங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விட்டா கரியமில வாயு குறைஞ்சுடும், ஆனா ஆக்சிஜன் பெரிசா கூடாது. மூச்சு விடச் சொல்லி உடம்பு எச்சரிக்கிறது அந்த வாயு ஏறினாத்தான். எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீர்ந்து, நினைவு தப்பிடும். கை கால் உதறாது, சத்தம் வராது, மேலே நிக்கிறவனுக்கு இன்னும் அடக்கிக்கிட்டு இருக்கான்னுதான் தெரியும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே இப்படி இடுப்பளவு தண்ணியில இறந்திருக்காங்க. உங்க 300 மீட்டருக்கு அது துளியும் உதவாது. உங்களுக்கு வேண்டியது மூச்சை விடுற பழக்கம், அடக்குற பழக்கம் இல்ல.

மிதக்கிறதுக்கு வருவோம். களைப்புக்குக் காரணம் பெரும்பாலும் தோள் வரைக்கும் வெளியே நிக்கப் பார்க்கிறது. தண்ணிக்கு மேலே இருக்கிற ஒவ்வொரு கிலோவையும் நீங்கதான் தூக்கணும். தலை மட்டுமே 4, 5 கிலோ. தாடை வரைக்கும் தண்ணியில் விடுங்க. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி லேசா முன்னால சாயுங்க. கை ரெண்டும் நெஞ்சுக்கு முன்னாடி, முழங்கை மடங்கி, மேசையில் மாவைப் பரப்பிக் கூட்டுற மாதிரி வெளியே, உள்ளே. வெளியே போகும்போது சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் உயரணும், உள்ளே வரும்போது கட்டைவிரல் பக்கம். உள்ளங்கை எப்பவும் கீழ்நோக்கிச் சாய்ஞ்சிருக்கும், அதான் தாங்கும். தண்ணியை நேரா கீழே அடிச்சா ஒரு துள்ளல் வரும், உடனே முழுகுவீங்க. காலுக்குப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதை (தவளை மாதிரி), மெதுவா. முதலில் ஆழத்தில் சுவருக்குக் கை எட்டுற தூரத்தில், 20 வினாடி வீதம் 6 தடவை.

கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டா பதறாம மல்லாந்து மிதந்து, கால்விரலை முழங்கால் பக்கமா இழுத்துப் பிடிங்க. விட்டதும் அன்னைக்குப் பலமா உதைக்க வேண்டாம்.

---

நீலக்குமிழி:

கிக் போர்டு விஷயத்தில் ஏழாம் லேன் சொன்னது சரி, தலை நிலையை நான் யோசிக்கல.

சின்ன விஷயங்கள் சில. கண்ணாடியைப் பட்டை போடாம கண்ணில் அழுத்திப் பாருங்க, ரெண்டு வினாடியாவது ஒட்டி நின்னா முகத்துக்குப் பொருந்தும். கசிஞ்சா பட்டையை இறுக்கிப் பிரயோஜனமில்ல, வேற வடிவம் பாருங்க. உள்பக்கத்தை விரலால் தேய்ச்சா பனி படியாம தடுக்கிற பூச்சு போயிடும். கான்டாக்ட் லென்ஸோட இறங்காதீங்க, லென்ஸுக்கு அடியில் தங்குற கிருமி விழியைக் கெடுக்கும். காதில் தண்ணி நின்னா தலையைச் சாய்ச்சு, காது மடலை இழுத்துவிட்டு வடியவிடுங்க, பஞ்சுக்குச்சி வேண்டாம். இறங்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் குளிக்கணும். கண் எரிச்சலுக்கும் அந்த நெடிக்கும் பெரும்பாலும் காரணம், வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்து உண்டாகிற குளோரமின்.

---

தரைப்பயிற்சி:

தேர்வுக்கு முன் ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரைத் தொட்டு ஒரு மூச்சு எடுத்தால் 'நின்றதாக' எண்ணுவாரா? நடுவில் ஸ்ட்ரோக் மாற்றலாமா? மாற்றலாம் என்றால், மூன்று நீளம் ஃப்ரீஸ்டைல், ஒரு நீளம் மல்லாந்த நீச்சல் என்று போங்கள். மல்லாந்திருக்கும் 25 மீட்டர் முழுக்க வாய் வெளியேதான் இருக்கிறது.

300 மீட்டரில் 11 திருப்பம் வரும். தலைகுப்புறத் திருப்பம் தேவையில்லை. ஒரு கையால் தொட்டு, முழங்காலை மடக்கி, ஒரு மூச்சு இழுத்து, பக்கவாட்டில் சரிந்து சுவரை உதைத்து வழுக்குங்கள். உதைக்கு 4 மீட்டர் என்றாலும் மொத்தம் 44 மீட்டர் கை வீசாமலே கடக்கும். திருப்பத்தை மட்டும் தனியாக, வகுப்புக்கு 10 முறை பழகுங்கள்.

தேர்வு நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். 10 குமிழி, 25 மீட்டரில் 4, பிறகு 3 நிமிடம் சும்மா நிற்பது. முதல் 50 மீட்டர்தான் எல்லாவற்றிலும் மெதுவாக இருக்கட்டும். பக்கத்து லேனில் யார் முந்தினாலும் உங்கள் கை வீச்சு எண்ணிக்கை ஒரு நீளத்துக்கு வழக்கத்தைவிட ஒன்றிரண்டுக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் அடுத்த சுவரில் நீளமாக வழுக்கி, மூச்சை முழுதாக விட்டுத் தொடருங்கள்.