விண்டோஸ் மீட்பு வட்டில் பிரெஞ்சு விசைப்பலகை: உதவி தேவை

வணக்கம். பாரிசில் பழுதுபார்க்க வரும் கணினிகளுக்காக விண்டோஸ் பிஇ (கணினியில் நிறுவாமலே இயங்கும் சிறு விண்டோஸ்) மீட்பு வட்டு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அந்தச் சிறு விண்டோஸ் அடங்கிய பூட் விம் கோப்பை, விண்டோஸ் படிமங்களைத் திருத்தும் டிஸ்ம் கருவியால் திறந்து, பிரெஞ்சு மொழிப்பொதியைச் சேர்த்து, இடைமுக மொழியை மட்டும் மாற்றியதில் செய்திகள் பிரெஞ்சில் வந்துவிட்டன. ஆனால் விசைப்பலகை அமெரிக்க அமைப்பிலேயே நிற்பதால், பிரெஞ்சு அசெர்ட்டி பலகையில் ‘ஏ’ பொறித்த விசையை அழுத்தினால் திரையில் ‘க்யூ’ விழுகிறது. எழுத்துகள் மறைந்திருக்கும் கடவுச்சொல் கட்டத்தில் இது பெரும் தொல்லை.

டிஸ்மின் செட் இன்புட் லொக்கேல் கட்டளையால் பிரெஞ்சு அமைப்பை நிலையாகப் பதிக்கலாம். எனினும் ஆங்கிலப் பலகையுள்ள கணினிகளும் வருவதால், தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும். விண்டோஸ் பிஇ இயங்கும்போது பயன்படும் டபிள்யூபிஇ யுடில் கட்டளை வழியாக மாற்றினால், அதன்பின் திறக்கும் நிரல்களுக்கே அது பொருந்துகிறது. தேர்வுப் பட்டியலைக் காட்டி, உரிய அமைப்புடன் புதிய கட்டளைச் சாளரத்தைத் திறக்குமாறு தொடக்கத்தில் தானாக இயங்கும் ஸ்டார்ட்நெட் கோப்பை எழுதியவர்கள் இருந்தால், அவ்வரிகளைப் பகிருமாறு வேண்டுகிறேன்.