வண்டி ஓடவே இல்லை, சர்வீஸ் எதுக்கு: இப்படி வந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லுங்கள்

ஸ்பேனர்14

பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கி 14 மாசம், ஓடினது 3,200 கிலோமீட்டர். முதல் ஃப்ரீ சர்வீஸோட சரி, அப்புறம் எதுவும் பண்ணலை. ஆயில் ஊத்துற மூடியைத் திருகி எடுத்தா, அடிப்பக்கம் பூரா மோர் தெளிச்ச மாதிரி வெளுத்த பசை. விரலில் ஒட்டி நூலா வந்தது.

தினமும் 2 கிலோமீட்டர், ஸ்கூல் வாசல் வரைக்கும்தான் அந்த வண்டி ஓட்டம். இன்ஜின் சூடாகிறதுக்குள்ள ஆஃப். பெட்ரோல் எரியும்போது வர்ற நீராவியில கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா கீழே ஆயிலுக்குள்ள இறங்கும்; எரியாத பெட்ரோலும் சேர்ந்து இறங்கும். ஆயில் நல்லா சூடேறி இருபது நிமிஷமாவது ஓடினாத்தான் அது ஆவியாகி வெளியேறும். இல்லன்னா அங்கேயே தங்கிடும்.

மாருதி சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கு அட்டவணை 1,000 கிலோமீட்டர் அல்லது 1 மாசம், 5,000 அல்லது 6 மாசம், 10,000 அல்லது 1 வருஷம். எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. எல்லாரும் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறாங்க. மேனுவல்ல கடினமான பயன்பாட்டுக்குன்னு தனி அட்டவணை இருக்கும்; குறுகிய தூர ஓட்டமும் அதுலதான் வரும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுறதில்லை.

நீலக்கல்

மூடியில் பசை இருந்தாலே இன்ஜின் போச்சு என்று ஆகாது. முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, உருவிப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக, தேன் நிறத்தில் இருந்தால் மூடியில் இருப்பது வெறும் ஈரம். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்தது போல இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் இன்ஜினுக்குள் அடைத்து நிற்கும் தகடு) சந்தேகப்பட வேண்டும். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டிப்ஸ்டிக் தெளிவாக இருந்து, கூலன்ட் குறைகிறதா என்ற சந்தேகம் மட்டும் என்றால், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் கழித்து அதே மாதிரி ஆறிய நிலையில் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

மற்றபடி ஆயிலைக் காலத்தோடு மாற்ற வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

டீசல் பட்டறை

எங்க பக்கம் வர்றது இதுக்கு நேர் எதிர். பி.எஸ்.6 (புது புகை விதிக்கு ஏத்த) டீசல், டவுனுக்குள்ளேயே ஓடுற வண்டி. டிப்ஸ்டிக்கை உருவினா மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நிக்குது ஆயில். ஓனர் கேட்ட கேள்வி: "சொட்டுக்கூடக் குறையலையே, எதுக்கு இப்பவே மாத்தணும்?"

ஏறினது ஆயில் இல்லை, டீசல். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் கார்களில் சைலன்சர் லைன்ல கரிப்பொடியைப் பிடிக்கிற டி.பி.எஃப். இருக்கு. அது நிறைஞ்சதும், கரியை எரிக்க இன்ஜின் கூடுதலா டீசல் அடிக்கும். பாதியில சாவியைத் திருப்பி நிறுத்தினா, மறுபடி மறுபடி முயற்சி நடக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியா சம்ப்புக்கு, அதாவது அடியில ஆயில் நிக்கிற தொட்டிக்கு, இறங்கும். ஆயில் நீர்த்துப் போனா முதல் அடி டர்போ பேரிங்குக்குத்தான்.

ஐடில் கொஞ்சம் ஏறி, ஃபேன் சத்தம் கேட்டா எரிப்பு நடக்குதுன்னு அர்த்தம். அப்போ நிறுத்தாம இன்னும் கால் மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டுங்க. ஆயிலும் மேனுவல்ல போட்டிருக்கிற சாம்பல் குறைஞ்ச ரகம்தான் போடணும், பெரும்பாலும் டப்பாவுல ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பியத் தரக் குறியீடு) சி2 இல்லன்னா சி3ன்னு போட்டிருக்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. பழைய ரக ஆயிலோட சாம்பல் டி.பி.எஃப்.பை நிரந்தரமா அடைச்சிடும்.

ஓரிங்

ஆயில் மாற்றின மறுநாள், பார்க்கிங்கிலிருந்து கேட் வரை கறுப்புக் கோடு. மொத்த ஆயிலும் தரையில். லிஃப்டில் ஏற்றி ஃபில்டரைக் கழற்றினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு ரப்பர் வளையம். பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்காமல் புதியதை மேலே திருகியிருக்கிறார்கள். ஆயில் பிரஷரில் மேல் வளையம் பிதுங்கினால் சில நிமிடங்களில் சம்ப் காலி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வண்டி சமதரையில், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். டிரெய்ன் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. சம்ப் அலுமினியம் என்றால் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவல் அளவுக்கே இறுக்க வேண்டும். கை பலத்தில் இறுக்கினால் மரை போய்விடும். பழைய ஃபில்டரின் வளையம் அதோடு வந்ததா என்று கண்ணால் பார்த்து, உட்காரும் இடத்தைத் துணியால் துடையுங்கள். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவித் திருகி, வளையம் இன்ஜினைத் தொட்டதும் கையால் இன்னும் முக்கால் சுற்று. ஃபில்டர் டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்: சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

மலைப்பாதை

ஓரிங், வாரன்டியில் இருக்கிற புது வண்டிக்கு வீட்டில் ஆயில் மாற்றும் பாடம் தேவையா? நாளைக்கு இன்ஜினில் குறை வந்தால் தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு போட்ட பில்தான் பேசும். ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் முழுசாகப் படியுங்கள். முதல் வருஷ வண்டிக்கு இன்ஜின் ஃப்ளஷும் த்ராட்டில் கிளீனிங்கும் அட்டவணையிலேயே கிடையாது. எழுதியிருந்தால் கோடு போட்டு நீக்கச் சொல்லுங்கள்.

எல்லாரும் ஆயிலையே பேசுகிறீர்கள். குன்னூர் மலை இறக்கத்தில் பர்லியாறில் ஒதுக்கி நிறுத்திய வண்டி ஒன்று: மூன்று வருஷம், 18,000 கிலோமீட்டர், பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி தரை வரை போகிறது. அரை மணி நேரம் ஆறியதும் பெடல் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வண்டி நின்றாலும் இழுக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரி தாங்கினாலே தரம் தேறியதாகக் கணக்கு. கொதித்தால் ஆவிக்குமிழ், குமிழை அமுக்கலாம், பிரேக் பிடிக்காது. அதனால்தான் பல மேனுவல்களில் இரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈரம் பார்க்கும் டெஸ்டர் இருக்கிறது. மாற்றும்போது மேல் டப்பாவில் உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றினால் போதாது. கொதிப்பது சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் நிற்கும் பழைய ஆயில். நான்கு சக்கரத்திலும் உள்ள பிளீடர் (ஆயிலை வெளியேற்றும் திருகு) வழியாகவும் புது ஆயில் வரும்வரை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.