அம்மாவுக்கு வயிற்றுப் புற்றுநோய்: மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?

தேனி_மகன்:
அம்மாவுக்கு 68 வயசு. ஆப்பரேஷன் பண்ணி இரைப்பையில பாதியை எடுத்தாச்சு, இரண்டாம் ஸ்டேஜ்னு சொன்னாங்க. பயாப்சி ரிப்போர்ட்ல ஹெர்2-ங்கிற புரதம் நெகட்டிவ். எம்எல்எச்1, பிஎம்எஸ்2-ங்கிற ரெண்டு புரதமும் "இழப்பு"ன்னு இருக்கு. அதைப் பார்த்ததும் வீட்ல ஒரே அழுகை. கட்டியில எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்த்து, நோய் திரும்புமான்னு சொல்ற டெஸ்ட் இருக்காமே? நகையை வச்சாவது எடுத்துடலாம்னு அக்கா சொல்றா. எங்களுக்கும் இது வருமோ?

கோவை_லேப்:
தம்பி, முதல்ல அம்மாகிட்ட போய் இது கெட்ட செய்தி இல்லைன்னு சொல்லுங்க. நான் பத்தாலஜி லேப்ல இந்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏத்துறவ. புரதம் இருக்கிற செல்லு பழுப்பா மாறும். அம்மாவோட ஸ்லைடு எப்படி இருக்கும் தெரியுமா? புற்றுச் செல்லோட உட்கருவெல்லாம் வெறும் நீலம். பக்கத்துல நிக்கிற வெள்ளையணுக்கள் மட்டும் பழுப்பா இருக்கும். அதுல பழுப்பு இருந்தாத்தான் சாயம் சரியா ஏறியிருக்குன்னு நம்புவோம்.

எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ரெண்டும் டிஎன்ஏ-வில் வர்ற பிழையைத் திருத்துற புரதங்கள். அதுங்க இல்லாததால கட்டியில பிழை குவியும், உடம்போட எதிர்ப்புச் சக்திக்கு அதை அடையாளம் தெரியும். 2019-ல நாலு பெரிய ஆய்வுகளைச் சேர்த்து, ஆப்பரேஷன் ஆன 1,556 பேரைப் பார்த்தாங்க. இந்த வகைக்காரங்க 121 பேர். அவங்கள்ல 5 வருஷம் தாண்டினவங்க 77.5 சதவீதம், மத்தவங்கள்ல 59.3. கீமோவால இவங்களுக்குக் கூடுதல் பலனும் அதுல தெரியலை. கீமோ வேணுமான்னு டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. நகையை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அக்கா சொல்ற மாதிரி டெஸ்ட் நிஜமாவே இருக்கு. கொரியாவுல ஜிஇசட்எம்பி, டபிள்யூஏஆர்எஸ், எஸ்எஃப்ஆர்பி4, சிடிஎக்ஸ்1-னு நாலு மரபணுவை வச்சு 2018-ல வெளியிட்டாங்க. முதல் ரெண்டும் எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள்ள இருக்கிறதைக் காட்டும். நல்ல ஆராய்ச்சி. ஆனா எந்த டெஸ்டா இருந்தாலும் நான் ஒண்ணுதான் கேப்பேன்: ரிசல்ட் எப்படி வந்தாலும் மருந்து மாறுமா? மாறாதுன்னா அந்தக் காசை அம்மா சாப்பாட்டுக்கும் செக்கப்புக்கும் வையுங்க.

திருச்சி_ரவி:
எங்கப்பாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ், நோய் பரவியிருந்தது. ஹெர்2-வைக் குறிவைக்கிற டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தாங்க. கோவை அக்கா சொல்ற மாதிரி, அந்த ஒரு டெஸ்டால மருந்தே மாறிச்சு. செலவு பண்ணினது வீண் போகலை.

தேனி_மகன்:
ரொம்ப நன்றிக்கா. எங்களுக்கு வருமான்னு மட்டும் சொல்லலையே.

கோவை_லேப்:
மறந்துட்டேன் பாருங்க. இந்த வயசுல எம்எல்எச்1 இல்லாம போறதுக்குப் பெரும்பாலும் காரணம், கட்டிக்குள்ள மட்டும் அந்த மரபணு மெத்திலேஷன் ஆகி, அதாவது மேல ஒரு வேதிப் பூட்டு விழுந்து, வாயடைச்சுப் போறதுதான். அது பிள்ளைங்களுக்கு வராது. மெத்திலேஷன் டெஸ்ட் கேளுங்க. இதுக்குச் செலவு பண்ணலாம். அதுல இல்லைன்னு வந்தா, குடும்பத்துல வழிவழியா வர்ற லிஞ்ச் சிண்ட்ரோம் இருக்கான்னு அம்மாவுக்கு ரத்தத்துல பார்க்கணும். அப்பதான் நீங்களும் அக்காவும் யோசிக்கணும். ஆப்பரேஷன் பண்ணின இடத்துல கட்டித் துண்டைப் பதிச்ச மெழுகு பிளாக் இருக்கும், மெத்திலேஷன் டெஸ்டுக்கு அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க. வெயில்ல வண்டிக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க, மெழுகு உருகிடும்.