புதுப்பிப்பு: ஆர்மோனிய அலை வைட்டலில் ஒழுங்காக ஒலிக்கிறது

ஆர்மோனிய ஒலிப்பதிவிலிருந்து வெட்டிய அலையை வைட்டலில் (கணினியில் ஓடும் சிந்தசைசர் மென்பொருள்) ஏற்றினால் மூன்று ஸ்தாயிக்கு மேலே போய்க் கீச்சிடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, சரியாகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். வைட்டலில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது அது ஒரு சுற்றாக எடுத்துக்கொள்ளும் அலைத் துண்டுக்கு, 2048 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளிகள்). நான் எடுத்ததோ 220 ஹெர்ட்ஸ் ஸ்வரம், நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 200 சாம்பிள்தான் வரும், ஆக ஒரே ஃபிரேமுக்குள் பத்துச் சுற்று அடைந்து கிடந்திருக்கிறது. ஒரே ஒரு சுற்றை வெட்டி, 2048-க்கு இழுத்து ஏற்றினேன். சுருதி சுத்தம்.

அப்புறமும் ஒரு 'கிர்ர்' இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அலையின் முடிவும் தொடக்கமும் ஒட்டவேயில்லை, பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடமாகப் பார்த்து மறுபடி வெட்டியதும் போய்விட்டது. துருத்தியின் மூச்சு மட்டும் வரவில்லை (ஒற்றைச் சுற்றில் எப்படி வரும்!), அதற்குத் தனியாகக் கொஞ்சம் நாய்ஸ் (இரைச்சல்) சேர்த்திருக்கிறேன்.